கதை தெரியும், மதிப்பெண் வரவில்லை

கேள்வி: டீச்சர், நான் ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் கல்லூரியில் ஏ லெவல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளி, அப்புறம் இடைநிலைப்பள்ளி. எஸ்.பி.எம்.மில் (இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) ஆங்கிலத்துக்கு ஏ வாங்கினேன், தமிழ் இலக்கியமும் எடுத்தேன். அந்தத் துணிச்சலில் ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்தேன். முதலாண்டு ஏ.எஸ். தேர்வில் 'ஈ' வந்தது. போன மாதம் ட்ரையலில் (கல்லூரி வைத்த மாதிரித் தேர்வு) ஷேக்ஸ்பியர் தாள் ஃபெயில். நாடகத்தைக் காட்சி காட்சியாகச் சொல்வேன். இணையத்தில் கிடைக்கும் சுருக்கங்களை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் ஆசிரியர் கட்டுரை ஓரத்தில் 'கதை சொல்கிறாய்' என்று மட்டும் எழுதித் தருகிறார். வகுப்பில் மற்றவர்கள் வீட்டிலேயே இங்கிலீஷ் பேசுகிறவர்கள். அப்பா, பாடத்தை மாற்றிக்கொள் என்கிறார். வரும் ஜூனில் நான் பாஸ் ஆக முடியுமா?
— பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

பதில்:

முடியும். கோலாலம்பூரில் முதலில் படிவம் ஆறு வகுப்புகளிலும் பிறகு கல்லூரியிலும் இந்தப் பாடத்தை நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன். உன் வயதுப் பிள்ளைகளை 'நீ' என்று கூப்பிட்டே பழகிவிட்டது, தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

முதலில் அப்பா சொன்னது. இரண்டாம் ஆண்டில் பாடத்தை மாற்றினால் புதுப் பாடத்தின் முதலாண்டுப் பகுதியையும் சேர்த்து ஒரே வருடத்தில் படிக்க வேண்டும். 'ஈ' என்பது குறைந்த மதிப்பெண்தான், ஆனாலும் தேர்ச்சி. கையில் இருக்கும் தேர்ச்சியை விட்டுவிட்டு பூஜ்யத்திலிருந்து தொடங்க எனக்குக் காரணம் தெரியவில்லை. பல்கலைக்கழகத்தில் நீ எடுக்கப்போகும் படிப்புக்கு இந்தப் பாடத்தில் உயர்ந்த மதிப்பெண் கட்டாயம் என்றால் மட்டும் அப்பாவோடு உட்கார்ந்து மறுபடி பேசு.

இப்போது தாளைப் பார்ப்போம். கேம்பிரிட்ஜ் ஏ லெவல் ஆங்கில இலக்கியத்தில் மொத்தம் நான்கு தாள்கள். இரண்டை ஏ.எஸ்.ஸில் எழுதிவிட்டாய். மிச்சம் இரண்டில் ஒன்று ஷேக்ஸ்பியரும் இன்னொரு நாடகமும். மற்றது கவிதையும் உரைநடையும், ஒரு பகுதி 1900க்கு முந்தையது, ஒரு பகுதி பிந்தையது. ஒவ்வொரு தாளுக்கும் 2 மணி நேரம், 2 கேள்வி, கேள்விக்கு 25 மதிப்பெண். புத்தகம் உள்ளே கொண்டுபோக முடியாது. இதெல்லாம் உனக்குத் தெரியும். உன் கவனத்துக்கு வராமல் போனது, அந்த 25ஐ எப்படிப் போடுகிறார்கள் என்பது. 'இந்தக் கருத்துக்கு 2, அந்தக் கருத்துக்கு 3' என்று எண்ணிக் கூட்டுவதில்லை. கட்டுரை முழுவதையும் படித்து, எந்த நிலையில் நிற்கிறது என்று முடிவு செய்கிறார்கள். கதை சரியாகத் தெரியும் என்பது மட்டுமே தெரிகிற கட்டுரை கீழ்நிலையில் நின்றுவிடும், எத்தனை பக்கம் எழுதினாலும் சரி. திருத்துகிறவருக்கு அந்த நாடகம் தலைகீழாகத் தெரியும். அவருக்கே கதையைத் திருப்பிச் சொன்னால் என்ன செய்வார்?

ஆக, உன் ஆசிரியர் ஓரத்தில் எழுதியது ரொம்பச் சரியான குறிப்பு. அதற்கு மேல் ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கலாம். அதை நான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

உன் நாடகம் எதுவென்று நீ எழுதவில்லை. ஒதெல்லோவை எடுத்துக்கொள்கிறேன், கதை பலருக்கும் தெரிந்ததுதான். மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. தளபதி ஒதெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவிடம் தனக்காகப் பரிந்து பேசச் சொல்லிவிட்டு, ஒதெல்லோ வருவதைப் பார்த்ததும், பதவி பறிபோன துணைத்தளபதி காசியோ கூச்சத்தோடு நகர்ந்துவிடுகிறான். ஒதெல்லோவை ரகசியமாக வெறுக்கும் இயாகோவும் ஒதெல்லோவும் உள்ளே வருகிறார்கள். இந்த இடத்தை நீ எப்படி எழுதுவாய் என்று எனக்குத் தெரியும்: 'காசியோ டெஸ்டிமோனாவிடம் பேசியதைக் காட்டி இயாகோ ஒதெல்லோவின் மனத்தில் சந்தேகத்தை விதைக்கிறான். ஒதெல்லோ அதை நம்பத் தொடங்குகிறான்.' ஒரு தப்பும் இல்லை. இதைத்தான் கதை சொல்வது என்கிறார் உன் ஆசிரியர்.

இப்போது வரிகளைப் பார். இயாகோ முதலில் சொல்வது, 'ஹா, எனக்கு அது பிடிக்கவில்லை' என்ற அளவுக்கு ஒரு முணுமுணுப்பு. யாரிடம் என்றில்லை. எது பிடிக்கவில்லை என்றும் இல்லை. ஒதெல்லோ 'என்ன சொல்கிறாய்?' என்கிறான். 'ஒன்றுமில்லை பிரபு, இல்லாவிட்டால்... என்னவோ தெரியவில்லை' என்று இயாகோ பாதியில் விட்டுவிடுகிறான். அடுத்த வரியில் 'என் மனைவியிடமிருந்து பிரிந்து போனது காசியோ இல்லையா?' என்று கேட்பது யார்? ஒதெல்லோ. மனைவியையும் காசியோவையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து வைத்தவன் அவனேதான். இயாகோ அரை வாக்கியம் போட்டான், கணவன் அதை முடித்து வைத்தான். அப்புறம் இயாகோ மறுக்கிறான், மறுக்கிற சாக்கிலேயே குற்றவாளி போல நழுவினான் என்ற பேச்சை உள்ளே நுழைத்துவிடுகிறான்: 'காசியோவா? இருக்காது. நீங்கள் வருவதைப் பார்த்து அவன் ஏன் குற்றவாளி போல நழுவப்போகிறான்?'

இதோடு இன்னொன்று. காசியோ ஏன் போனான் என்பதைப் பார்வையாளர்கள் ஒரு நிமிடத்துக்கு முன்னால்தான் கண்ணால் பார்த்தார்கள். ஒதெல்லோவுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும், ஆனால் எழுந்து சொல்ல முடியாது. அந்தத் தவிப்பையும் ஷேக்ஸ்பியர் திட்டமிட்டுத்தான் உண்டாக்குகிறார்.

இப்போது நான் எழுதியதில் கதை எவ்வளவு இருக்கிறது? இரண்டு வாக்கியம். மிச்சமெல்லாம் வாக்கியம் எங்கே அறுபடுகிறது, யார் முடிக்கிறார்கள், யாருக்கு என்ன தெரியும் என்பதுதான். ஐந்தாறு வரியிலிருந்து இரண்டு நல்ல பத்தி கிடைக்கும். உன் சுருக்கப் புத்தகத்தில் இந்த ஐந்தாறு வரி இருக்கவே இருக்காது. 'சந்தேகத்தை விதைக்கிறான்' என்ற முடிவு மட்டும்தான் இருக்கும். சுருக்கத்தை மனப்பாடம் செய்கிறவர்கள் மதிப்பெண் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தையே வெட்டி எறிந்துவிட்டுப் படிக்கிறார்கள்.

தமிழ் இலக்கியம் எடுத்தேன் என்று எழுதியிருக்கிறாய். அது உனக்குப் பலம். வீட்டில் இங்கிலீஷ் பேசுகிற உன் நண்பர்களுக்கு இது கிடையாது. சங்க அகப்பாட்டு எதையாவது பார்த்திருப்பாய். பாட்டோடு 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்று ஒரு குறிப்பு வரும். சிலவற்றில் 'தலைவன் சிறைப்புறத்தானாக' என்று இருக்கும். அதாவது தலைவன் வேலிக்கு அப்பால் மறைந்து நிற்கிறான், தோழி தலைவியிடம் பேசுவது போலப் பேசினாலும் அவன் காதில் விழவேண்டும் என்றுதான் பேசுகிறாள். யார் பேசுகிறார், யாரிடம், யார் ஒளிந்திருந்து கேட்கிறார் என்பது தெரியாமல் அந்தப் பாட்டுக்குப் பொருள் சொல்ல முடியாது. இதே மூன்று கேள்வியோடு ஒதெல்லோவின் நான்காம் அங்கத்தைத் திற. இயாகோ ஒதெல்லோவை மறைவில் நிற்க வைத்துவிட்டு காசியோவிடம் பியாங்கா என்ற பெண்ணைப் பற்றிப் பேச்சுக் கொடுக்கிறான். காசியோ சிரிக்கிறான். மறைவில் நிற்கிறவன் அது தன் மனைவியைப் பற்றிய சிரிப்பு என்று நினைக்கிறான். தோழி மறைவில் நிற்பவனுக்கு உண்மையை உணர்த்தத்தான் பேசுகிறாள். இங்கே அதே ஏற்பாடு பொய்யை நம்ப வைக்க உதவுகிறது. தேர்வுக் கட்டுரையில் சங்கப் பாட்டைக் கொண்டுவர வேண்டாம், நேரம் போய்விடும். ஆனால் அந்தக் கண்ணோடு படி. எந்த நாடகப் பகுதியைக் கொடுத்தாலும் முதலில் மூன்று கேள்வி: பேசுவது யார், கேட்பது யார், மேடையில் இருந்தும் வாய் திறக்காதவர் யார்.

அதே தமிழ் இலக்கியத் தாளிலிருந்து ஒரு பழக்கத்தை மட்டும் இங்கே கொண்டுவராதே. மோனை, எதுகை, உவமை என்று பட்டியல் போட்டுப் படித்திருப்பாய். 'இங்கே மெட்டஃபர் வந்திருக்கிறது, இங்கே அலிட்டரேஷன் வந்திருக்கிறது' என்று எழுதினால் இந்தத் தாளில் ஒன்றும் கிடைக்காது. பெயர் தெரியாவிட்டால்கூடப் பரவாயில்லை, அது அந்த இடத்தில் என்ன செய்கிறது என்று சொல். நான்காம் அங்கத்தின் தொடக்கத்தில் ஒதெல்லோவின் பேச்சு யாப்பை விட்டு உரைநடையில் சிதறி, கடைசியில் அவன் மயங்கி விழுகிறான். தேர்வில் பகுதியை அச்சிட்டுக் கொடுக்கும்போது வரிகளின் நீளத்தைப் பார்த்தாலே யாப்பு எங்கே உடைகிறது என்று தெரிந்துவிடும். 'உரைநடை பயன்படுத்தப்பட்டுள்ளது' என்பது பட்டியல். 'முதல் அங்கத்தில் செனட்டையே அசத்திய பேச்சு இங்கே துண்டு துண்டாகிறது' என்பது பதில்.

செனட் (வெனிஸின் ஆட்சிமன்றம்) என்றதும் உன் இங்கிலீஷ் கவலை நினைவுக்கு வருகிறது. அந்தக் காட்சியில் ஒதெல்லோ, தனக்கு நயமாகப் பேச வராது என்று சொல்லித்தான் ஆரம்பிக்கிறான். வெனிஸில் பிறந்தவர்கள் நடுவே அவன் வெளியூர்க்காரன். டெஸ்டிமோனாவின் மனத்தை வென்ற கதையை அவன் பேசி முடித்ததும், இந்தக் கதை என் மகளையும் கவர்ந்திருக்கும் என்கிறார் வெனிஸின் ஆட்சித்தலைவரான டியூக்.

தாளில் மொழிக்கு மதிப்பெண் உண்டுதான். தெளிவாக, ஒழுங்காக, கேள்வியை விட்டு விலகாமல் எழுதுகிறாயா என்றுதான் பார்க்கிறார்கள். பெரிய வார்த்தைகள் தேவையில்லை. வீட்டில் இங்கிலீஷ் பேசுகிறவர்கள் பலர் வாய் ஓடுகிற வேகத்தில் எழுதி, மூன்று பக்கம் கழித்து கேள்வி என்னவென்றே மறந்துவிடுவார்கள். உன் வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். நாடகத்தைப் பற்றி எழுதும்போது நிகழ்காலத்தில் எழுது. 'ஷோஸ்' என்ற ஒரே வினைச்சொல்லைக் கட்டுரை முழுக்க இழுக்காமல் சஜஸ்ட்ஸ், இம்ப்ளைஸ், ரிவீல்ஸ், அண்டர்கட்ஸ் என்று பத்துப் பன்னிரண்டு வினைச்சொற்களைச் சரியாகப் பயன்படுத்தப் பழகு. எழுதும்போது 'ஒதெல்லோ இப்படிச் செய்கிறான்' என்பதை அவ்வப்போது 'ஷேக்ஸ்பியர் ஒதெல்லோவை இப்படிச் செய்ய வைக்கிறார்' என்று மாற்றிப் பார். எழுத்தாளரை எழுவாயாக வைத்தால் கதை சொல்லும் பழக்கம் தன்னால் குறையும். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் என் மாணவர்களிடம் வேறு எந்த அறிவுரையையும்விட இதுதான் சீக்கிரம் வேலை செய்தது.

வரலாற்றுப் பின்னணிக்கும் மதிப்பெண் உண்டு என்றதும் முதல் பத்தியிலேயே 'எலிசபெத் காலத்தில் பெண்களுக்கு உரிமை இல்லை' என்று கொட்டிவிடுகிறார்கள். ஒதெல்லோ எழுதப்பட்டது 1603, 1604 வாக்கில். 1603லேயே எலிசபெத் இறந்து ஜேம்ஸ் அரியணை ஏறிவிட்டார். இப்படி ஆளுக்கு ஆள் எழுதும் பொது வாக்கியத்தை விட்டுவிட்டு, நாடகத்துக்குள்ளேயே வேலை செய்கிற பின்னணியைத் தேடு. நாடகத்தின் பெரும்பகுதி நடக்கும் சைப்ரஸ் 1571ல் துருக்கியர் கைக்குப் போன தீவு. பார்வையாளர்களில் பலருக்கு அது பழங்கதை இல்லை. நாடகத்தில் துருக்கிக் கப்பல்களை இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்திலேயே புயல் அழித்துவிடுகிறது. போருக்கென்று வந்த தளபதிக்குப் போர் இல்லை, கோட்டைக்குள் அடைபட்டிருக்கிறான், எதிரி பக்கத்திலேயே உட்கார்ந்து யோசனை சொல்கிறான். பின்னணி இப்படிக் கதைக்குள் இறங்கினால்தான் அதற்கு மதிப்பு.

இரண்டாம் ஆண்டுத் தாள்களில் கூடுதலாக ஒன்று எதிர்பார்ப்பார்கள். ஒரே படைப்பைப் பலர் பலவிதமாகப் படித்திருக்கிறார்கள் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். விமர்சகர் பெயரைத் தூவுவது இதற்குப் பதில் ஆகாது. ஏ.சி. பிராட்லி 1904ல் ஒதெல்லோவை இயாகோவின் சூழ்ச்சிக்குப் பலியான உன்னத மனிதனாகப் பார்த்தார். எஃப்.ஆர். லீவிஸ் அதை ஏற்கவில்லை. ஒதெல்லோவுக்குத் தன்மேலேயே மயக்கம், அவன் இவ்வளவு சீக்கிரம் விழுந்ததற்கு அதுதான் காரணம் என்றார். நீ மேலே பார்த்த 'காசியோ இல்லையா?' என்ற வரியை இந்த இருவருக்கும் நடுவில் வை. வாக்கியத்தை முடித்து வைத்தவன் ஒதெல்லோ என்பது லீவிஸ் பக்கம் சாய்கிறதா? பாதி வாக்கியத்தைப் போட்டவன் இயாகோ என்பது பிராட்லி பக்கமா? உன் கருத்தைச் சொல், வரியைக் காட்டிச் சொல். பெயர் மறந்துபோனால் 'சிலர் இப்படிப் படிக்கிறார்கள்' என்று எழுதினாலும் வாதம் இருந்தால் போதும்.

மேற்கோள்களுக்கு வருவோம். நீளமான வரிகளை மனப்பாடம் செய்யாதே. நாலைந்து சொல் போதும், உன் வாக்கியத்துக்குள்ளேயே பொருந்தவேண்டும். பாத்திரவாரியாகப் படித்தால் எல்லாம் கலந்துபோகும். பேச்சு, பார்வை, கைக்குட்டை, பெயர் என்று நாடகத்துக்குள் ஓடும் இழைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆறேழு துணுக்கு வைத்துக்கொள். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் வருகிறாய் என்றால் அந்த நேரம் இதற்குச் சரியாக இருக்கும். ஒருபக்கம் துணுக்கு, மறுபக்கம் 'அதனால் என்ன?' என்பதற்கு ஒரு வரி பதில், இப்படிச் சின்ன அட்டைகள். பதில் எழுதமுடியாத துணுக்கைக் கிழித்துப் போடு. பகுதி கொடுத்துக் கேட்கும் கேள்வியை எடுத்தால் வரிகள் கண்முன்னே இருக்கும். மேற்கோள் கவலை பாதி குறையும். மனப்பாடம் பலவீனம் என்றால் அந்த வகைக் கேள்வியில் கையைப் பழக்கு. ஆனால் கொடுத்த பகுதிக்குள்ளேயே சுற்றாமல், நாடகத்தின் மற்ற இடங்களோடும் கட்டாயம் தொடர்புபடுத்த வேண்டும்.

நல்ல அடிக்குறிப்புள்ள பதிப்பு உன்னிடம் இல்லையென்றால், ஜார்ஜ்டவுன் சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. யாரோ ஒரு மாணவர் பென்சிலில் கிறுக்கி வைத்த பிரதி கிடைத்தால் இன்னும் நல்லது. அவரோடு ஓரத்திலேயே சண்டை போடலாம். வாங்குவதற்கு முன் உன் தேர்வு ஆண்டுக்கான பாடத்திட்டத்தைப் பார்த்துக்கொள். பாடநூல்கள் மாறிக்கொண்டே இருக்கும்.

இனி நேரம். ட்ரையலில் முதல் கட்டுரைக்கு எவ்வளவு நேரம் எடுத்தாய்? ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கதை சொல்கிறவர்களுக்கு எல்லாம் இதே நிலைதான். கதை தானாக முடியாதே. இரண்டு கட்டுரைக்கும் சமமான மதிப்பெண். முதல் கட்டுரையை 14லிருந்து 16க்கு உயர்த்த நீ செலவழிக்கும் கால் மணி நேரம், இரண்டாவதை 7லிருந்து 12க்குக் கொண்டுபோயிருக்கும். ஒரு கட்டுரைக்கு ஒரு மணி நேரம், அது முடிந்ததும் நிறுத்து, அரை வாக்கியமாக இருந்தாலும் சரி.

அந்த ஒரு மணி நேரத்தில் முதல் பத்து நிமிடம் கேள்வியைப் பிரிக்க. கேள்வியில் 'எந்த வழிகளில்', 'எவ்வளவு தூரம்' போன்ற சொற்கள் வரும். அவற்றின் கீழே கோடு போடு. உன் பதிலை ஒரே வாக்கியத்தில் எழுது. அப்புறம் நாலைந்து இடங்களைத் தேர்ந்தெடு, நாடகத்தின் வரிசையில் வேண்டாம், உன் வாதத்தின் வரிசையில். முதலங்கத்தில் தொடங்கி ஐந்தாமங்கத்தில் முடிக்கிற திட்டம் போட்டால் பேனா தானாகவே கதை சொல்லத் தொடங்கிவிடும்.

இப்போதிலிருந்து வாரத்துக்கு ஒரு முழுக் கட்டுரை, கடிகாரம் வைத்து, கையால். கணினியில் தட்டிப் பழகிய விரல் 2 மணி நேரம் பேனா பிடிக்காது, கையெழுத்து இரண்டாம் கட்டுரையில் கோழி கிளறியதுபோல ஆகிவிடும். மற்ற நாள்களில் முழுக் கட்டுரை வேண்டாம். இருபது வரியுள்ள பகுதியை எடுத்து, கதையே சொல்லாமல் ஒரு பத்தி எழுது, இருபது நிமிடம். எழுதியதும் பச்சைப் பேனாவால் கதை சொன்ன வாக்கியங்களுக்குக் கீழே கோடு போடு. ஆரம்பத்தில் பத்தி முழுக்கப் பச்சையாக இருக்கும். பத்தியில் ஒரு பச்சை வரிக்கு மேல் இல்லாத நிலை வந்தபிறகு ஆசிரியரிடம் கொண்டுபோ. 'நன்றாக இருக்கிறதா?' என்று கேட்காதே. 'இது எந்த நிலையில் நிற்கிறது, அடுத்த நிலைக்கு என்ன குறை?' என்று கேள். ஓரத்தில் இரண்டு சொல் எழுதுகிற ஆசிரியரும் இந்தக் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்வார்.

பழைய கேள்வித்தாள்களோடு, விடைத்தாள் திருத்தியவர்கள் எழுதும் தேர்வாளர் அறிக்கையையும் படி. பழைய தாளைப் போட்டுப் போட்டுப் பார்க்கிற பிள்ளைகள் பலர் அறிக்கையைத் திறப்பதே இல்லை. கதைச் சுருக்கம், கேள்வியை விட்டு விலகுவது, ஒட்டாத வரலாற்றுத் தகவல் என்று அதில் வருடா வருடம் ஒரே புலம்பல்தான் இருக்கும். அலுப்பாக இருந்தாலும் ஒரு முறை உட்கார்ந்து படி.

கடைசியாக, ஏ.எஸ். மதிப்பெண். அது மொத்தத்தில் பாதி என்பதால், அந்த 'ஈ' உன்னைக் கீழே இழுக்கும். அப்படியே எடுத்துச் சென்று இந்த இரண்டு தாளை மட்டும் எழுதலாம். மறுபடி எழுதுவதென்றால் ஏ.எஸ்.ஸின் இரண்டு தாளையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும், ஒன்றை மட்டும் முடியாது. ஜூனில் நான்கு தாள் என்றால் அதிகம்தான். பாஸ் மட்டும் போதும் என்றால் நான் இரண்டோடு நிறுத்தச் சொல்வேன். பி வேண்டும் என்றால் ஒரு மாதம் பச்சைப் பேனா வேலையைச் செய்துவிட்டு, எழுதிய பத்திகளை ஆசிரியரிடம் காட்டி அவரோடு சேர்ந்து முடிவெடு. கல்லூரித் தேர்வு அலுவலகத்தில் ஜூன் பதிவுக்குக் கடைசி நாள் எது, மறுதேர்வுக் கட்டணம் எவ்வளவு என்று இந்த வாரமே கேட்டு வைத்துக்கொள்.